மூன்று மாத்திரைக்கும் இறங்காத பி.பி.

[திரையில்: தாராவி, 90 அடி ரோடு, காலை நேரம்]

வணக்கம். மும்பை தாராவியில் இருக்கும் என் சித்திக்கு அப்போது 38 வயது. பி.பி. 210/120. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று முகம் வெளுக்கும், தலை பிளக்கும், நெஞ்சு படபடக்கும், ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். கால் மணி நேரம் கழித்து எழுந்து மிச்ச மாவை ஊற்றுவார். 'டென்ஷன்தான்' என்றார்கள் பார்த்த டாக்டர்கள். நாங்களும் நம்பினோம். இன்றைக்கும் அதற்கு மனசு ஆறவில்லை.

[திரையில்: சிறுநீரகங்கள், மேலே மஞ்சளாக இரண்டு சுரப்பிகள்]

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. எடை 5 கிராம் அளவுதான். நாய் துரத்தினால் நம்மை ஓட வைக்கிற அட்ரினலின் இதன் உட்பகுதியில் சுரக்கிறது. அங்கே ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தால், துரத்த யாருமே இல்லாமல் அட்ரினலின் ரத்தத்தில் கொட்டும்.

வெளிப்பகுதியில் வரும் சில கட்டிகள் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டும். உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும், சிலருக்குக் கைகால் தளரும். 1955-ல் இதை விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான். ஃபியோ அபூர்வம், இது அவ்வளவு அபூர்வம் இல்லை. ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் பார்த்தால் துப்பு கிடைக்கும்.

[திரையில்: மஞ்சப்பை, உள்ளே வெள்ளைக் கேன்]

சித்திக்கு எழுதியது மெட்டாநெஃப்ரின் டெஸ்ட், அதாவது அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருளை அளப்பது. 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்க்க வேண்டும். வீட்டில் கழிப்பறை கிடையாது. லேப் கொடுத்த கேனை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, பொதுக் கழிப்பறை வரிசையில் ஒவ்வொரு முறையும் நின்றார். ராத்திரி 2 மணிக்கும் போனார். ரிசல்ட் பல மடங்கு அதிகம். அப்புறம் சி.டி. ஸ்கேன், வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. கட்டியைத் தொட்டாலே அட்ரினலின் பொங்கும் என்பதால், இரண்டு வாரம் ஆல்பா பிளாக்கர் கொடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தினார்கள். படபடக்கிறதே என்று பீட்டா பிளாக்கரை முதலில் கொடுத்தால் பி.பி. எகிறிவிடும், அதனால் அது பிறகுதான். சின்னத் துளைகள் போட்டுக் கட்டியை எடுத்தார்கள்.

சரி, உங்கள் வீட்டில் இள வயதிலேயே பி.பி., மூன்று மாத்திரைக்கும் அடங்காத பி.பி., இப்படி விட்டுவிட்டு வரும் வியர்வை இருக்கிறதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள். 'அட்ரீனலைப் பார்த்துவிடலாமா டாக்டர்?' என்று கேளுங்கள்.

ஃபியோ சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அதனால் சித்தி மகளையும் பரிசோதித்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை.