ஆழ உழுதோம், சரி, என்ன நட்டோம்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகரப் புழுக்கத்தில் நிகழ்ச்சி நிரலையே விசிறியாக்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

"கலைக்கும் கல்விக்கும் வலிமை தருவது ஒருமுனைப்பா, பல்வகையா?" இதுதான் தலைப்பு. ஒருமுனைப்பே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி அக்கா. "அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்" என்றார், கைதட்டல் வாங்கினார். அப்புறம் ஒரு போடு போட்டார்: நாலு பாட்டு, ரெண்டு ஜோக், ஒரு மேஜிக் என்று மேடையேற்றும் வெரைட்டி ஷோ வெறும் சிதறல், சினிமா வந்ததும் செத்துப்போனது என்று.

அந்தச் சிதறலை எப்படிக் கட்டினார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம் அக்கா. அமெரிக்காவில் அதற்கு வாட்வில் என்று பெயர். 1881-இல் நியூயார்க்கில் டோனி பாஸ்டர் என்பவர் ஆபாசத்தை விலக்கி, குடும்பத்தோடு வந்து பார்க்கும்படி அதை நடத்தினார். ஒரு மாலைக்கு எட்டு ஒன்பது நிகழ்ச்சிகள். முதலில் வருவது பெரும்பாலும் பேச்சே இல்லாத ஆட்டம்: கரணம் அடிப்பவர், விலங்கு பழக்கியவர். ஏன்? ஜனம் அப்போதுதான் வந்து இடம் தேடிக்கொண்டிருக்கும். பேசினால் யார் காதில் விழும்? பெரிய நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்திய இடம். கடைசி ஆட்டத்தில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். (நடுவர் ஐயா என்னை எந்த இடத்தில் பேச விட்டிருக்கிறார் என்பதை நானும் கவனித்தேன்.)

சினிமா வந்ததும் அந்த அரங்குகள் மூடின, உண்மைதான். ஆனால் சார்லி சாப்ளின் எங்கே தொழில் கற்றார்? இங்கிலாந்தின் வெரைட்டி ஷோவான மியூசிக் ஹால் மேடையில். பின்னாளில் பெரிய சினிமா இயக்குநரான ரஷ்யாவின் ஐசன்ஸ்டைன் 1923-இல் ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கஸையும் மியூசிக் ஹாலையும் பார்த்து, ஒன்றோடொன்று ஒட்டாத காட்சிகளை அடுத்தடுத்து வைத்தே பார்ப்பவர் மனதை ஒரு திசையில் தள்ளலாம் என்று கண்டார். முதலில் நாடகத்துக்குச் சொன்னார், பிறகு சினிமாவுக்கு. படத்தொகுப்பைப் படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். தெருக்கூத்து நம் முன்னோர்களோடு கப்பலேறி வந்தது. இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறோம். கூத்தில் எவ்வளவு பெரிய சோகம் நடந்தாலும் கட்டியக்காரன் நடுவில் புகுந்து ஒரு நக்கல் அடிப்பான். விடிய விடிய உட்காரும் ஜனம், அழுகையை மட்டும் கொடுத்தால் தாங்குமா? தமிழ்நாட்டில் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. வள்ளி எந்தக் கேள்வியை எடுத்தாலும் நாரதரிடம் அதற்குப் பாட்டும் வேண்டும், பதிலும் வேண்டும். ஒரே பாட்டில் ஆழ்ந்து தேர்ந்த நாரதர் அந்த மேடையில் கால்மணி நேரம் நிற்க மாட்டார்.

இதையே ராஸ் ஆஷ்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1956-இல் விதியாக எழுதிவைத்தார், இயந்திரமும் உயிரும் தம்மை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன என்று பார்க்கும் சைபர்நெட்டிக்ஸ் என்ற துறையில். எதிரே வரக்கூடிய தொல்லை எத்தனை வகையோ, சமாளிக்கிறவன் கையிலும் அத்தனை வகை பதில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டுப்பாடு போய்விடும். நிர்வாகவியல்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் நாரதருக்கு முன்பே தெரியும்!

இப்போது அந்த ஆழ உழவுக்கு வருகிறேன். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இந்த டர்பனில் நின்றது. நம் பாட்டன் பூட்டன்கள் இறங்கியது எதற்கு? கரும்புக்கு. 1880-களில் ஊபா என்றொரு ரகம் வந்தது. முரட்டுக் கரும்பு, கஷ்டமான நிலத்திலும் விளையும். தோட்ட முதலாளிகளுக்கு ஒரே குஷி. டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புக்காடு ஏறத்தாழ முழுவதும் ஊபாவானது. அக்கா கேட்ட ஒருமுனைப்பு, மலைக்கு மலை! பிறகு ஸ்ட்ரீக் நோய் வந்தது, இலையெல்லாம் வெளிறிய கீற்று. எங்கும் ஒரே ரகம், நோய்க்கு ஒரே சாப்பாடு.

1925-இல் மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். கோயிலுக்குப் போகிறபோது எல்லோரும் கடக்கிற ஊர்தான். மாற்று ரகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கோயம்புத்தூரிலிருந்து! அங்கே தடித்த இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து புது ரகங்கள் எடுத்திருந்தார்கள். 1930-களில் கோ 281, கோ 290 என்ற அந்த ரகங்கள் எல்லாம் இங்கே நடப்பட்டன. அடுத்து, கோயம்புத்தூரில் கலந்த விதையைக் கடல் தாண்டி அனுப்பி, இங்கே முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்த என்கோ 310 என்ற ரகம் 1945-இல் வயலுக்கு வந்தது. 1955-இல் என்கோ 376. நேட்டால் பல பத்தாண்டு அதன் தோளில் நின்றது. அதையும் கரிப்பூட்டை நோய் சும்மா விடவில்லை. நிலையம் இன்றும் புது ரகம் வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் ரகம் எடுத்த விஞ்ஞானி வாழ்நாள் முழுக்கக் கரும்பையே பார்த்தாரே, அது ஒருமுனைப்பு இல்லையா என்று அடுத்து வருகிற தம்பி கேட்பார். கேட்கட்டும். ஒரு ஆள் ஆழமாகப் போவதில் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை. ஒரு துறை முழுவதும், ஒரு ஊர் முழுவதும் ஒரே குழியில் இறங்குவதுதான் ஆபத்து. அந்த ஆள் ஆழத்தில் இறங்கித் தேடியதும் காட்டு நாணலைத்தானே?

கடைசியாக ஒன்று, ஐயா. ஒருமுனைப்புக்காக வாதாடிய அக்கா, பத்து நிமிடத்தில் ஒரு பழமொழி சொன்னார், ஒரு குறள் சொன்னார், ரெண்டு வரி பாடினார், மாமியார் ஜோக் ஒன்றும் விட்டார். தன் கட்சியில் நம்பிக்கை இருந்தால் அந்தக் குறளையே பத்து நிமிடமும் சொல்லியிருக்க வேண்டாமா? தீர்ப்பு எழுதும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.