சுவரை வெட்டிக் காட்டும் பக்கங்கள்

வணக்கம். சின்னக் குழந்தைக்குக் கட்டடக்கலையை அறிமுகப்படுத்த ஒரு படப் புத்தகம் வேண்டும் என்றால், பெரும்பாலும் நம் கைக்கு வருவது பக்கத்துக்கு ஒரு புகழ்பெற்ற கட்டடம் உள்ள புத்தகம்தான். பிரமிடு, ஈஃபில் கோபுரம், சிட்னி ஓபரா ஹவுஸ். நான்கு வயதுப் பிள்ளை பெயர்களைக் கடகடவென்று ஒப்பிக்கும், வந்தவர்கள் கைதட்டுவார்கள். சரி, இதற்குள் எந்த வழியாகப் போவது, மழைத் தண்ணீர் எங்கே வடியும் என்று கேளுங்கள். புத்தகத்திலேயே பதில் இருக்காது.

கட்டடத்தின் முகத்தைவிட வயிற்றைக் காட்டுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. குழந்தைகள் வரையும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுவரும் இருக்கும், அதன் ஊடாகக் கட்டில், விளக்கு, அம்மா எல்லாரும் தெரிவார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே 1927இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். கட்டடத்தை நடுவே வெட்டினாற்போல உள்ளே இருப்பதைக் காட்டிக் கட்டடக் கலைஞர் வரையும் குறுக்குவெட்டுப் படமும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே வெட்டிக் காட்டும் படம் குழந்தைக்குக் கடினம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகப்புப் படத்தைவிட அதுவே அவர்களுக்கு நெருக்கமானது.

டேவிட் மெக்காலே 1973இல் வெளியிட்ட ‘கதீட்ரல்’ ஒரு கற்பனைத் தேவாலயம் அடித்தளத்திலிருந்து எழுவதைக் கோட்டோவியங்களாகக் காட்டுகிறது. எழுத்து பெரிய பிள்ளைகளுக்கானது. அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். வளைவு கட்டும்போது முதலில் மரத்தால் ஒரு தாங்கு சட்டம் வைக்கிறார்கள். கற்களை அடுக்கி, சாந்து இறுகிய பிறகே அதை எடுப்பார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, ‘மரத்தை எடுத்தால் என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் செவ்வகக் கட்டைகளில் பிள்ளை வளைவு கட்டிப் பார்க்கும், அது சரியும். அப்புறம் படத்துக்குத் திரும்பினால், ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் குறுகி ஆப்புபோல வெட்டப்பட்டிருப்பது கண்ணில் படும். களிமண்ணில் அப்படி வெட்டி அடுக்கினால் நிற்கும்.

வர்ஜீனியா லீ பர்ட்டனின் ‘தி லிட்டில் ஹவுஸ்’ (1942) வேறு வகை. வீடு பக்கத்துக்குப் பக்கம் அதே இடத்தில் நிற்க, சுற்றிலும் சாலையும் ரயிலும் மாடிக் கட்டடங்களும் வந்து நெருக்குகின்றன. பக்கத்தில் என்ன எழுகிறது என்பதும் கட்டடக்கலைதான் என்று இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைப் புத்தகங்களும் வருகின்றன. எனக்கு அவற்றில் அவ்வளவு ஈர்ப்பில்லை. முக்கால்வாசியும் மேதையின் கதை, கட்டடம் ஓரத்தில் நிற்கிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். கோட்டைப் படத்தைப் பார்த்ததும் கழிப்பறை எங்கே என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகள் பலவற்றில், வெளிச்சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் சிறு அறைதான் அது. கழிவு நேராகக் கீழே விழும், சில இடங்களில் அகழியிலேயே. இதைக் கேட்ட பிள்ளை, அடுத்த கோட்டைப் படத்தில் சுவர் எங்கே துருத்துகிறது என்று தானாகவே தேடும்.