படிக்க வேண்டியவர் நிற்கும் இடம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒளிப்பட ஆர்வலர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

விடியற்காலையில் சில்வர் பீச்சில் முக்காலியோடு நிற்பவர்கள் இந்த அவையில் நிறையப் பேர். கையில் செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். நம் ஊரின் எச்சரிக்கைப் பலகைகளைப் படமெடுங்கள். எடுக்கும்போது, அந்தப் பலகையைப் படிக்க வேண்டிய ஆள் எங்கே நிற்பாரோ, அங்கே போய் நின்று எடுங்கள்.

பொதுவாக நாம் என்ன செய்கிறோம்? பலகைக்கு நேர் எதிரே போய், எழுத்து சாயாமல், சட்டம் நிறைய ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தில் எல்லாப் பலகையும் நன்றாகத்தான் தெரியும். அது உரியவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதற்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். நான் அக்கறைப்படுவது அந்த இரண்டாவது படத்தைப் பற்றி.

டிரான்ஸ்பார்மரை எடுத்துக்கொள்வோம். 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின் அமைப்பில், மண்டையோடும் எலும்பும் போட்ட அபாயப் பலகையை எளிதில் கண்ணில் படும் இடத்தில் நிரந்தரமாக மாட்ட வேண்டும். இந்தி அல்லது ஆங்கிலத்தோடு அந்த மாவட்டத்தின் மொழியிலும் எழுதியிருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இது உண்டு. 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அப்படியே இருந்தது. சரி, கண்ணில் பட வேண்டும் என்றால் யார் கண்ணில்? மின்வாரிய ஊழியர் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. பந்து உருண்டு போனதும் பின்னால் ஓடுகிற பிள்ளைக்குத்தான் அது தெரிய வேண்டும்.

நம் தெருக்களில் பலகை ஆளுயரத்துக்கு மேலே தொங்குகிறது. 11000 வோல்ட் என்ற எண்ணின் மேல் யாரோ ஒருவரின் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருக்கும். அதன் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு பழைய காதணி விழா அழைப்பு எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே மண்டையோட்டின் தாடை மட்டும் மிஞ்சியிருக்கும். கீழே நிழலுக்காக ஆட்டைக் கட்டியிருப்பார்கள். இப்போது முழங்காலிட்டு, எட்டு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். பலகை படச்சட்டத்துக்குள் வராது. ஆடும், எர்த் கம்பியும், பந்து ஒதுங்குகிற மூலையும் வரும். அந்தப் படத்தை எடுங்கள். அதைப் பார்க்கிற அதிகாரிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நாம் இருப்பது கடலோரம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பக்கத்தில் போய்ப் பாருங்கள், வெயிலில் முதலில் வெளுத்துப் போவது பெரும்பாலும் சிவப்பு. கறுப்பில் எழுதிய துறையின் பெயர் நிற்கிறது. சிவப்பில் எழுதிய 'அபாயம்' ரோஸ் நிறமாகி, பிறகு தகரத்தோடு தகரமாகக் கலந்துவிடுகிறது. உப்புக் காற்றில் துரு ஆணித் துளையில் பிடித்துக் கீழே கோடாக வழிகிறது. ஒரே பலகையை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுத்து வையுங்கள். எப்போது புதுப்பித்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

ஆற்றுக்கு வருகிறேன். இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2022 ஜூன் மாதம் கெடிலத்தில், கீழருங்குணம் அருகே குளிக்க இறங்கிய 7 பேர் மூழ்கி இறந்தார்கள். எல்லோரும் பெண்கள், சிறுமிகளும் அவர்களில் உண்டு. கெடிலமானாலும் தென்பெண்ணையானாலும் பள்ளம் மேலே தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நான்கு எட்டு வைத்தால் ஐந்தாவது எட்டில் தரை இருக்காது. 'ஆழமான பகுதி, குளிக்கக் கூடாது' என்ற பலகையைப் பல இடங்களில் சாலையோரத்தில், பாலத்தின் முகப்பில், வண்டியில் போகிறவர் பார்க்கிற மாதிரி நட்டிருக்கிறார்கள். குளிக்கிறவர்கள் அந்த வழியாகவா வருகிறார்கள்? துணிமூட்டையோடு வயல் வரப்பில் நடந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருகிறார்கள். ஆகவே ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்காமல், துணி துவைக்கிற கல்லருகே நின்று கரையைப் பார்த்து எடுங்கள். அங்கிருந்து பலகையின் முதுகுதான் தெரிகிறது என்றால், அந்தப் பலகையை வைக்க வேண்டிய இடமே வேறு.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்திருக்கிறது. அரியாங்குப்பத்து முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு வடக்கே போக வேண்டிய மணல் நின்று, நகரத்துக் கடற்கரை அரித்துப் போய், கருங்கல் கொட்டினார்கள். அந்தக் காலத்து ஆபத்து, பாறையில் வழுக்கி விழுவது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபின் மணல் திரும்பியது. மணலைக் கண்டதும் மக்கள் தண்ணீரில் இறங்கினார்கள். இப்போதைய ஆபத்து அலை இழுத்துக்கொண்டு போவது. இடத்தின் ஆபத்து மாறினால் பலகையின் வாசகமும் மாற வேண்டும். மாறியதா என்று கேட்கத் தேதி போட்ட படங்கள் வேண்டும். அந்தச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், கூட்டம் சேருவதும் அப்போதுதான். ஆகவே பகல் வெயிலில் எடுக்காமல், அந்த மங்கல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பலகை இல்லாத எச்சரிக்கைகளும் உண்டு. எனக்கு அவற்றின் மீது பெரிய மரியாதை. சாக்கடை மூடி உடைந்த இடத்தில் வேப்பங்கொத்தைச் செருகி வைப்பவர் யார்? பக்கத்து டீக்கடைக்காரர். யாரும் சொல்லாமல், காசு வாங்காமல் செய்கிறார். லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்னால் தழையும் கல்லும். ஆனால் லாரி கிளம்பிப் போன பிறகும் கல் நடுரோட்டில் கிடக்கிறது, இரவில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார். எச்சரிக்கையை வைத்தவருக்கே அதை எடுக்கிற கடமையும் உண்டு. இப்படி அனாதையாகக் கிடக்கும் கற்களைப் பார்த்தால் பாதுகாப்பாக வண்டியை ஓரங்கட்டுங்கள், படமெடுத்துவிட்டு, போக்குவரத்து இல்லாத நேரம் பார்த்துக் கல்லை ஒதுக்கிப் போடுங்கள்.

பெட்டிக்கடைக்கும் கொஞ்சம் போவோம். சிகரெட் பெட்டியின் முகத்தில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆனால் நம் பையன்கள் ஒற்றை சிகரெட்தானே வாங்குகிறார்கள்? பெட்டி கடைக்காரர் கையில், சிகரெட் பையன் கையில். வாங்குகிறவர் நிற்கும் பக்கமிருந்து ஒரு படம் எடுத்தால் இது புரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பையன்களின் முகம் விழாமல் எடுங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைக்கு வரும் டேங்கர்களைப் பற்றிச் சொல்லாமல் கடலூரில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. ரசாயனம் ஏற்றிய வண்டியின் மேல் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1017 என்றால் குளோரின். 1830 கந்தக அமிலம். கூடவே ஒரு குறியீடு. பெட்ரோல் வண்டியில் '3 ஒய் ஈ' என்று பார்க்கலாம். 3 என்பது நுரை கொண்டு அணைக்க வேண்டும் என்பதற்கு. ஈ என்பது சுற்றியிருக்கும் மக்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்கு. இது தீயணைப்புத் துறையினருக்காக எழுதியது. வண்டிக்கு அருகே முதலில் நிற்கப்போவதோ குடிகாடு பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் நாம்தான். ஆகவே நமக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரம் சாலையில் ஓரமாக நின்று, பின்பலகையில் சேறு அப்பிய டேங்கர்களை எடுங்கள். எண் தெரியாத பலகை இல்லாத பலகைக்குச் சமம்.

கடைசியாகத் துறைமுகத்துப் புயல் கூண்டு. '3ஆம் எண் கூண்டு ஏற்றம்' என்று தொலைக்காட்சியில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். 1865இல் கல்கத்தாவில் தொடங்கிய ஏற்பாடு இது. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏறும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பேராபத்து. 11 என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து வருவதாக இங்கிருக்கும் அதிகாரி கருதுகிறார் என்று பொருள். தகவல் வராததையே தகவலாகச் சொல்லும் இந்த எண்ணை யோசித்து வைத்தவர்களை நான் வணங்குகிறேன். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' புயல் என்று பார்த்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பதினோரு எண்களும் மனப்பாடமாக வேண்டும். கூண்டை எடுப்பதென்றால் துறைமுக அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், அல்லது உப்பனாற்றின் எதிர்க்கரையிலிருந்து, படகுக்காரர் பார்க்கும் தூரத்தில் எடுங்கள்.

சில நடைமுறைகள். சாலைப் பலகைகளில் ஒட்டியிருக்கும் தாள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டுதான் விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, நின்றிருக்கும் வண்டியின் முகப்பு விளக்கில் எடுங்கள். எல்இடி எழுத்துப் பலகையில் கோடு கோடாக விழுந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடிக்கு இறக்குங்கள். போனில் இருப்பிடம், தேதி இரண்டும் பதிவாகட்டும்.

எடுத்த படத்தை நமக்குள்ளேயே பாராட்டிக்கொண்டிருந்தால் போதாது. தமிழ்நாட்டில் மின்சாரம் தொடர்பானதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. புதுச்சேரி நண்பர்கள் அவர்களுடைய மின்துறைக்கு எழுதுங்கள். நேர் படத்தையும், நான் சொன்ன இரண்டாவது படத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அவரவர் தெரு டிரான்ஸ்பார்மரை இரண்டு விதமாகவும் எடுத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவரொட்டியைக் கிழிக்க நீங்கள் கை வைக்க வேண்டாம், அது வாரியத்தின் வேலை. நீங்கள் வேலிக்கு வெளியே நின்றால் போதும். நன்றி, வணக்கம்.