ஏரியா ஆக்கள்ட கதை நாடகமாகிறது எப்பிடி?

(திரையில: கொழும்பு கொம்பனித்தெரு, பழைய கடை வரிசை, பின்னால உயர்ந்த கட்டடங்கள்)

வணக்கம் மக்கள். கொம்பனித்தெருவுல நிண்டு மேல பார்த்தா இப்ப கண்ணாடிக் கட்டடம்தான். மலாய் ஆக்கள், தமிழாக்கள், முஸ்லிம், சிங்களம் எல்லாரும் ஒட்டி ஒட்டி இருந்த ஒழுங்கைகள் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போகுது, 2010 மே மாசம் மியூஸ் ஸ்ட்ரீட்ல வீடுகள உடைச்சது கனபேருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆக்கள்ட கதைய அவங்களே நாடகமா போட ஏலுமா? ஏலும். ஆனா முக்கால்வாசி வேலை நடிப்பு இல்ல, காது குடுக்கிறதுதான்.

இது புது ஐடியாவும் இல்ல. இங்கிலாந்துல ஸ்டோக் நகரத்துல பீட்டர் சீஸ்மன் எண்ட இயக்குநர் 1966லயே பழைய ரயில்வே தொழிலாளிகள்ட பேச்ச டேப்ல பதிஞ்சு நாடகம் போட்டவர். அவர்ட பிடிவாதம் என்னண்டா, ஆக்கள் சொன்னது, பழைய பேப்பர்ல இருக்கிறது, அதுக்கு வெளியில கற்பனையா வசனம் எழுதக் கூடாது.

(திரையில: வாசல் படி, ஒரு ஆச்சி, பக்கத்துல ரெக்கோட் ஆகிற ஃபோன்)

சரி, முதல் கேள்வி. "ஆச்சி, உங்கட வரலாற சொல்லுங்க" எண்டா, "எனக்கென்ன மகன் வரலாறு" எண்டு சொல்லிட்டு டீ ஊத்தப் போயிடுவாங்க. "பொது பைப் எந்தப் பக்கம் இருந்திச்சு, விடிய யாரு முதல்ல வாளி வைப்பாங்க?" எண்டு கேட்டுப் பாருங்க, வாளிச் சண்டைல தொடங்கி, கல்யாணம், கடன், யார் யாரோட ஓடினது எண்டு அப்பிடியே கொட்டும், தமிழும் சிங்களமும் கலந்துதான் வரும், அத திருத்தாம அப்பிடியே எழுதணும். ஒரு மணித்தியால ஓடியோவ எழுத நாலு மணித்தியாலம் போயிடும், இது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனா வசனம் அங்கதான் கிடைக்கும்.

பேந்து வெட்டுறது. 83 ஜூலைக் கலவரத்தப் பத்தி ஒராள் சொல்வார், ஒளிச்சு வச்சுக் காப்பாத்தின வீட்டையும் சொல்வார், அடிக்க வந்தவன்ட பேரையும் சொல்வார். அவன்ட பேரப்பிள்ளை இப்பவும் அதே ஒழுங்கைல இருந்தா? அதால ஒத்திகைக்கு முதல் சொன்னவருக்கே முழுசா வாசிச்சுக் காட்டணும். வேணாமெண்டா அந்தப் பகுதி போகணும், எவ்வளவு நல்ல சீனா இருந்தாலும். என்னக் கேட்டா இதுல விட்டுக்குடுக்கவே கூடாது.

எந்த மொழியில போடுறது? பராக்கிரம நிரியெல்ல தொடங்கின ஜன கரலிய, தமிழ்ல மக்கள் களரி, தமிழ் சிங்கள நடிகர்கள ஒண்டா வச்சு ரெண்டு மொழியிலயும் நாடகம் போட்டு, கூடாரம் மாதிரி கழட்டிப் பூட்டுற மேடையோட ஊர் ஊரா போன குழு. நமக்கு அவ்வளவு பெருசும் தேவையில்ல. ஹோல் வாடகைய மறந்துட்டு, ஃப்ளாட்டுக்குக் கீழ உள்ள வெளியில, மஃரிப் தொழுகை முடிஞ்ச பிறகு வைங்க. முன் வரிசை கதிரை கதை சொன்னவங்களுக்கு, அதிதிகள் பின்னால இருக்கட்டும்.