குன்னூரில் அளந்த தட்டு

(காட்சி: ஒரு சாப்பாட்டுத் தட்டு, மேலிருந்து. சோறு, குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம்.)

இந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். உங்கள் வீட்டில் நேற்று மதியமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்ததா? வயிறு நிறையும், ருசிக்கும் குறைவில்லை. ஆனால் இதில் ஒரு பச்சை நிறம் கூட இல்லை.

(காட்சி: நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கு. கழுவிய கேரட் மூட்டைகள் லாரியில் ஏறுகின்றன.)

அதே நேரம் நம் வீட்டுக்கு வெளியே கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன. இவ்வளவு விளையும் மலையில், பிள்ளைகளின் தட்டு மட்டும் வெளுத்துக் கிடப்பது எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் இந்த வீடியோ.

(காட்சி: குன்னூர், சிம்ஸ் பூங்கா பக்கம்.)

ஒரு விஷயம் உங்களுக்குப் பெருமையாக இருக்கும். இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று இன்று வழிகாட்டுவது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது தொடங்கியதே நம் குன்னூரில்தான். 1918-ல், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது. தவிட்டோடு ஒரு வைட்டமினும் போய்விடுகிறது, அதுதான் காரணம்.

பிறகு அவர் எலிகளுக்கு, நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதைப் போலவே உணவு கொடுத்துப் பார்த்தார். சப்பாத்தி, பருப்பு, பால், காய்கறி என்று பஞ்சாபில் சாப்பிடுவதைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்றவை பின்தங்கிவிட்டன. சோற்றின் மேல் பழி போடாதீர்கள். சோற்றுக்குப் பக்கத்தில் பாலும் காய்கறியும் போதுமான அளவு இல்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். 1958-ல் அந்த ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போய்விட்டது.

(காட்சி: காலித் தட்டு. நடுவில் ஒரு கோடு விழுகிறது.)

சரி, இப்போது தட்டை நிரப்புவோம். பாதித் தட்டு காய், கீரை, பழத்துக்கு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்று அந்த நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

"உருளைக்கிழங்கும் காய்தானே?" என்று நிச்சயம் கேட்பீர்கள். மண்டியில் அது காய்தான். உடம்புக்குள் போனால் அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. சோற்றுக்கு உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொள்வது, சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்வது மாதிரி. கேரட் அப்படியில்லை. அதன் ஆரஞ்சு நிறமே உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது, கண்ணுக்கு நல்லது. கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் அது சரியாக உடம்பில் ஒட்டும். அதனால் அம்மா தாளித்துச் செய்யும் கேரட் பொரியலை ஒதுக்காதீர்கள்.

மீதிப் பாதியில் பெரும்பங்கு தானியம். அரிசியேதான் வேண்டும் என்றில்லை. இந்த மலையில் கேழ்வரகும் சாமையும் பழைய சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம், அதே அளவு பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. உங்கள் பாட்டி களி கிண்டி, அவரைக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருப்பார். அந்த ஜோடியில் பெரிய அறிவு இருக்கிறது. தானியத்தில் குறையும் புரதத்தைப் பயறு ஈடுகட்டுகிறது. சமைக்கும் முன் அளந்தால், மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு, இதுதான் கணக்கு.

தட்டில் மிச்சம் இருக்கும் இடம் பருப்பு, பயறு, முட்டை, மீன், கறிக்கு. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர், இல்லையென்றால் ஒரு டம்ளர் பால். பள்ளியில் தரும் சத்துணவு முட்டையைப் பக்கத்திலிருப்பவனிடம் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். முட்டை பிடிக்கும் என்றால் அதைத் தள்ளாதீர்கள், நல்ல புரதம் அது. எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றும் அளவோடு போதும். உப்பு மட்டும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும். மழை கழுவிய மலை மண்ணில் அயோடின் குறைவு, அது போதாவிட்டால் கழுத்து வீங்கும்.

(காட்சி: ஆவி பறக்கும் டீ கிளாஸ். பக்கத்தில் இரண்டு வர்க்கி, நம் ஊர் பேக்கரிகளின் மொறுமொறு பண்டம்.)

இப்போது நம் ஊரில் யாரும் பேச விரும்பாத விஷயம். டீ.

எத்தனையோ குடும்பங்களுக்குத் தேயிலைதான் சோறு போடுகிறது. டீயைக் குறை சொல்ல வரவில்லை, நேரத்தைத்தான் சொல்ல வந்தேன். டீயில் டானின் என்ற பொருள் இருக்கிறது. வாயில் துவர்ப்பது அதனால்தான். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தை அது வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. கஷ்டப்பட்டுக் கீரை சாப்பிட்டு, கை கழுவிய உடனே ஒரு டீ குடித்தால் அந்த இரும்பில் கணிசமான பங்கு வீண். மாதவிலக்கு தொடங்கிவிட்ட பெண் பிள்ளைகளுக்கு இரும்பு இன்னும் கூடுதலாகத் தேவை, அவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம். இதற்கு நேர்மாறாக, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பு உடம்பில் சேர உதவும்.

வர்க்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைதாவும் கொழுப்பும்தான் அது. எப்போதாவது சாப்பிடுங்கள். காலையில் இட்லிக்குப் பதிலாக டீயில் நனைத்த நாலு வர்க்கி என்றால், அது காலை உணவே இல்லை.

(காட்சி: நோட்டுப் புத்தகம், கலர் பென்சில்கள்.)

இன்று ராத்திரி சாப்பிடும் முன் உங்கள் தட்டை நோட்டில் வரையுங்கள். எந்தப் பகுதியில் என்ன இருக்கிறதோ அதன் நிறத்தையே தீட்டுங்கள். அப்புறம் கீழே, கடைசியாக டீ குடித்த நேரத்தையும் எழுதி, நாளைக்கு வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.