தகிட தகிட தகிட தக: ஒரு நேரடி இசைத்தட்டைக் கேட்கும் முறை

[காட்சி: குன்னூர். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிய தேயிலைச் சரிவு. மேசைமேல் இசைத்தட்டு சுழல்கிறது.]

இந்த அட்டை உறையில் பூஞ்சணம் படிந்திருக்கிறது. குன்னூரின் ஈரத்தில் எந்த அட்டைக்கும் இதே கதிதான், ஆனால் துடைத்துப் போட்டால் தட்டு நன்றாகவே பாடுகிறது. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்ற அமெரிக்கக் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்ததை டாம் டவுட் தயாரிக்க, அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' இது. இரண்டு தட்டுகளில் மொத்தமே 7 உருப்படிகள்.

இதை ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு மரபு), ராக், ஜாஸ் மூன்றின் கலவை என்பார்கள். கலவை என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. பாட்டின் உடல் ப்ளூஸ், அதை ஓட்டும் விசை ராக். ஒருவர் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டு இன்னொருவர் அதன்மேல் கட்டிக்கொண்டே போகும் பழக்கம் மட்டும் ஜாஸிலிருந்து வந்தது. ஜாஸ் மேதைகளான மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மனுக்கு அறிமுகப்படுத்தியவர், குழுவின் இரண்டு டிரம் கலைஞர்களில் ஒருவரான ஜெய்மோ.

[காட்சி: கிட்டாரின் ஒலிக் குமிழ், மிக அருகில்.]

மூன்றாம் பக்கத்தில், சொற்களே இல்லாத 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' ஏறத்தாழ 13 நிமிடம் ஓடுகிறது. அதன் தொடக்கத்தில் இன்னொரு கிட்டார் கலைஞரான டிக்கி பெட்ஸ், ஒலிக் குமிழை மூடிவைத்துக் கம்பியை மீட்டிய பிறகே மெல்லத் திறப்பதால், மீட்டும் ஓசை மறைந்து, வயலினில் வில் இழுத்தாற்போல ஸ்வரம் மலர்கிறது. டுவேன் கம்பிமேல் வழுக்கவிடுவது சளி மாத்திரை வந்த கண்ணாடிக் குப்பியை. எங்கள் ஊரில் அது இல்லாத வீடு அரிது.

நான்காம் பக்கம் முழுவதும் 'விப்பிங் போஸ்ட்' என்ற ஒரே பாட்டு, சுமார் 23 நிமிடம். பெரி ஓக்லியின் பேஸ் கிட்டார் தனியே எடுக்கும் தொடக்கத்தைக் கையில் தாளம் போட்டு எண்ணுங்கள்: தகிட தகிட தகிட தக. 11 எண்ணிக்கை. கடைசித் 'தக'வில் ஓர் எண்ணிக்கை குறைவதால் பாட்டு ஒவ்வொரு சுற்றிலும் முன்னோக்கி இடறுகிறது. கிரெக் ஆல்மன் பாடத் தொடங்கியதும் அந்தத் 'தக'வும் தகிடவாகி, கால் தரையில் ஊன்றுகிறது.

பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துவிடாதீர்கள். கைதட்டலுக்கு அடியில் டிம்பனி முரசு அடுத்த உருப்படியைத் தொடங்க, ஒலி தேய்ந்து மறைகிறது. 1971 அக்டோபர் 29 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தபோது அவருக்கு வயது 24. அந்த முரசு தொடங்கிவைத்த 'மவுண்டன் ஜாம்' 1972இல்தான் வெளிவந்தது.