மொறிஸ் மைனர்: உடையாத காரோ, கராஜ் காரோ?

அடுத்த கேள்வி கோண்டாவிலில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். அப்பிடியே வாசிக்கிறன். "அண்ணை, ஒரு மொறிஸ் மைனர் வாங்க யோசிக்கிறன். அப்பப்பா சொல்லுறார், உது உடையாத கார், சண்டைக்காலத்தில மண்ணெண்ணெயிலயே ஓடினது எண்டு. கராஜ் வச்சிருக்கிற மாமா சொல்லுறார், வாங்கினியெண்டால் கிழமைக்கு ஒருக்கா என்னட்டத்தான் வருவாய் எண்டு. ஆர் சொல்லுறது சரி? வாங்கேக்க எதைப் பாக்கோணும்?"

ரெண்டு பேர் சொல்லுறதும் சரி தம்பி. மைனர் நல்லாப் பழுதாகும். ஆனா ஆன பழுதை வேப்பமரத்துக்குக் கீழ நிப்பாட்டி, பத்துப் பன்ரெண்டு ஸ்பனரும் ஒரு துண்டு எமறித்தாளும் வச்சுத் திருத்திப்போட்டு வீட்டை வந்திடலாம். உடையாத கார் எண்ட பேர் அப்பிடித்தான் வந்தது. மரத்துக்குக் கீழ சரிவராத விசயம் ரெண்டு இருக்கு. ஒண்டு முன் சில்லுத் தொங்கல், மற்றது தகட்டுக் கறள். அதுக்கு வாறன். முதல் இந்தக் கார் எங்கயிருந்து வந்தது எண்டு கொஞ்சம் பாப்பம், ஏனெண்டால் நீங்கள் வாங்கப்போறது எந்த மைனர் எண்டு தெரியாமல் சாமான் வாங்கேலாது.

மொறிஸ் எண்டது ஆளின்ர பேர். வில்லியம் மொறிஸ், ஒக்ஸ்போட்டில சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவர், 1913இல முதல் காரை விட்டார். பிறகு நஃபீல்ட் பிரபு எண்டு பட்டம் கிடைச்சது. மைனரை வரைஞ்சது அலெக் இஸிகோனிஸ், பிறகு 1959இல மினி காரைச் செய்த அதே மனிசன். 1948இல மைனர் வெளியில வந்தது. நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் கண்ணிலயும் காட்டக்கூடாது, உடைச்சு அவிச்ச முட்டை மாதிரிக் கிடக்கு எண்டவராம். செய்து பாத்த மாதிரிக் காரை இஸிகோனிஸ் நீளவாக்கில ரெண்டாய் வெட்டி, 4 அங்குலம் அகட்டிப் பாத்திட்டு, இதுதான் சரி எண்டு முடிவெடுத்தார். பொனட்டுக்கு நடுவில தட்டையாய் ஒரு பட்டி போகுதெல்லோ, அது அந்த 4 அங்குலம்தான்.

எஞ்சின் நாலு வகை. 1948இல வந்தது 918 சிசி சைட் வால்வ், 27 குதிரைவலு. 1952இல மொறிஸும் ஒஸ்ரினும் ஒரே கொம்பனியாய்ச் சேர, ஒஸ்ரின் ஏ30க்குப் போட்ட 803 சிசி ஏ சீரிஸ் எஞ்சின் மைனருக்கு வந்தது, 30 குதிரைவலு. 1956இல மைனர் 1000, 948 சிசி, 37 குதிரைவலு. நடுவில பிரிச்ச முன் கண்ணாடி போய் ஒரே கண்ணாடியானதும் அப்பதான். 1962இல 1098 சிசி, 48 குதிரைவலு, முன் பிறேக் டிறம்மும் 7 அங்குலத்தில இருந்து 8 ஆனது. 1971இல கடைசி மைனரும் நிண்டுபோச்சு. எங்கட நாட்டில அறுபதுகளில இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபடியால், அதுக்கு முதல் வந்திறங்கின கார்களைத்தான் சனம் திருத்தித் திருத்தி ஓடினது.

என்னைக் கேட்டால் 948 அல்லது 1098 எடுங்கோ. 918 அழகு, ஆனா சாமான் தேடி அலையோணும். 803 மெத்தனமான எஞ்சின், ரெண்டு பேரை ஏத்தினாலே முனகும். ஏ சீரிஸ் எஞ்சின் மினிக்குள்ள 2000ஆம் ஆண்டு வரைக்கும் போனது, அதால கஸ்கற், றிங், பொயின்ற், தண்ணிப் பம்ப் எல்லாம் இண்டைக்கும் புதுசாய் எடுக்கலாம். தகட்டுச் சாமான் எண்டால் இன்னும் பகிடி, இங்கிலாந்தில மைனர் வச்சிருக்கிற ஆக்களுக்கே இலங்கையில தகடு அடிச்சு அனுப்பினவை.

இனி அப்பப்பாவின்ர மண்ணெண்ணெய்க் கதை. அது உண்மை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையில பெற்றோல் கண்ணாலயும் காணக் கிடைக்காத நேரம், ராங்கியில மண்ணெண்ணெய், கையில ஒரு சின்னப் போத்தில் பெற்றோல். காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில விடுறது. இது ஏன் சரிவந்தது? மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்க வாயுவை நெருக்கிற அளவு, கூடின எஞ்சின் எண்டால் டக்கு டக்கெண்டு தட்டும். 803க்குக் கொம்பிறெஷன் 7.2க்கு 1தான். 948இலயும் அதே அளவில ஒரு குறைஞ்ச வகை இருக்கு, எஞ்சின் நம்பரில எல் எழுத்து இருந்தால் அது, எச் இருந்தால் 8.3. பிளக் பொறி அடிக்கிற ரைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் தட்டுறதும் குறையும். மற்றக் காரணம், மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேணும். ஏ சீரிஸில உள்ளபோற குழாயும் புகைக் குழாயும் ஒரே பக்கம், ஒண்டோடொண்டு பூட்டினபடி. காபரேற்றருக்குக் கீழயே அடுப்பு எரியிற மாதிரி.

ஆனா அது சும்மா ஓடேல்லை, எஞ்சினைத் திண்டுதான் ஓடினது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ சம்ப் எண்ட ஒயில் தொட்டிக்குள்ள இறங்கும். ஒயில் குச்சியை இழுத்துப் பாத்தால் அளவு குறையாமல் கூடிக்கொண்டு போகும். கார் ஒயில் குடிக்குதில்லை எண்டு புளுகத்தில இருக்க, கீழ ஒயில் தண்ணியாகிப் பெயாரிங் தேஞ்சுகொண்டிருக்கும். அதால அந்தக் காலத்தில ஓடின எஞ்சின்கள் பலதும் ரெண்டு மூண்டு தரம் போர் அடிச்சது, அதாவது தேஞ்ச சிலிண்டர்த் துளையைக் கடைஞ்சு பெருப்பிச்சது. 948இன்ர போர் 62.9 மில்லிமீற்றர். 10, 20, 30, 40 தௌ (தௌ எண்டது அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு) எண்டு பெருப்பிச்சுக்கொண்டு போகலாம், 40 தௌ எண்டது 1 மில்லிமீற்றர். பிஸ்ரன் தலையில 40 எண்டு அடிச்சிருந்தால் அடுத்த முறை சிலிண்டருக்க சிலீவ் எண்ட புதுக் குழாய்தான் போடோணும், அந்தச் செலவை விலையில கழிச்சுக் கதையுங்கோ. ஹெட்டைக் கழட்டிக் காட்ட ஒருத்தரும் சம்மதிக்கமாட்டினம் எண்டால், ஒரு ஒயில் பிறெஷர் கேஜ் கொண்டு போங்கோ. சூடான எஞ்சின் ஓட்டத்தில 60 இறாத்தலுக்குக் கிட்ட நிக்கோணும், ஐட்லிங்கில 15க்குக் கீழ போகக்கூடாது.

சரி, முன் சில்லு. மைனருக்கு முன்னுக்குக் கொயில் ஸ்பிறிங் இல்லை, முறுக்குக் கம்பிதான். சில்லைப் பிடிச்சிருக்கிற கிங்பின்னின்ர மேலயும் கீழயும் ட்றனியன் எண்டு ஒரு சாமான், உள்ளுக்குப் புரி வெட்டினது. ஸ்ரியறிங் திருப்ப அந்தப் புரிக்குள்ளதான் கிங்பின் சுழலும், காரின்ர முன்பாரமும் அந்தப் புரியிலதான். கிறீஸ் போகாட்டில் புரி தேயும், எங்கட செம்மண் தூசியும் சேர்ந்தால் அரம் போட்ட மாதிரி. ஒரு நாள் கிங்பின் கீழ் ட்றனியனை விட்டுக் கழண்டு வர, சில்லு மட்காட்டுக்குக் கீழ மடிஞ்சு கார் மூக்கால குத்தும். கனபேருக்கு இது கேற்றடியில ஸ்ரியறிங்கை முழுக்க முறிச்சு றிவேர்ஸ் எடுக்கேக்க நடக்கிறது, நல்ல காலம். யாழ்ப்பாணம் பருத்தித்துறை றோட்டில ஓட்டத்தில நடந்தால் என்ன எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

பாக்கிற விதம் லேசு. ஜக் அடிச்சுச் சில்லைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு உள்ளுக்கும் வெளியிலும் ஆட்டுங்கோ. பிறகு ரயருக்குக் கீழ அலவாங்கை வச்சு மேல நெம்புங்கோ. ட்றனியனுக்க ஏறி இறங்கிற ஆட்டம் தெரிஞ்சால், மாத்தாமல் வீட்டை கொண்டுவரக்கூடாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் புரி எதிர்ப்புரி, மாறிப் பூட்டேலாது, வாங்கேக்க பக்கம் சொல்லி வாங்குங்கோ. வாங்கினாப் பிறகு 1,000 மைலுக்கு ஒருக்கா, அதாவது 1,600 கிலோமீற்றருக்கு, கிறீஸ் அடிக்கோணும். சில்லு நிலத்தில நிக்க அடிச்சால் பாரம் தாங்கிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. தூக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியில வருமட்டும் அடியுங்கோ. சேர்விஸ் நிலையத்தில கார் சில்லில நிக்கவே அடிச்சுப்போட்டு முடிஞ்சுது எண்டுவினம், பக்கத்தில நிண்டு பாருங்கோ.

அடுத்தது கறள். மைனருக்குத் தனிச் சேஸி இல்லை, உடம்புத் தகடுதான் சேஸி. பெயின்ற் மினுங்குறதைப் பாத்து ஏமாறாதேங்கோ. முன் இருக்கைக்குக் கீழ குறுக்க ஒரு பெட்டித் தகடு போகுது, முறுக்குக் கம்பியின்ர பின் நுனி பிடிச்சிருக்கிறது அதில. அது உக்கினால் கம்பியின்ர முறுக்கே தகட்டைக் கிழிச்சுக்கொண்டு வரும். அதோட கதவுக்குக் கீழ் விளிம்பின்ர உள்பக்கம், பின் அடுக்குத் தகட்டு ஸ்பிறிங் தொங்கிற இடம், ஜக் வைக்கிற இடம். காந்தம் ஒண்டு கொண்டு போய் ஒவ்வொரு இடமாய் வச்சுப் பாருங்கோ. தகடு எண்டால் டக்கெண்டு ஒட்டும், பட்டிப் பசை அப்பி மூடியிருந்தால் வழுக்கும். கதவைத் திறந்து நுனியில தூக்கிப் பாருங்கோ, மூடேக்க கதவும் தூணும் ஒரே இடைவெளியில நிக்குதோ எண்டும் பாருங்கோ. ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறைப் பக்கம் உப்புக் காத்தில நிண்ட கார் எண்டால் ரெண்டு மடங்கு கவனம்.

மிச்சமெல்லாம் மரத்தடி வேலைதான். ஆனா எங்கட ஊருக்கெண்டே ஒரு வருத்தம் இருக்கு, தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக் கிணத்துத் தண்ணியை றேடியேற்றருக்கு ஊத்தி ஊத்தி, கேத்தில் அடியில படியிற மாதிரி எஞ்சின் புளொக்குக்க சுண்ணாம்பு படிஞ்சு கிடக்கும். கூடப் படியிறது பின்னால நாலாம் சிலிண்டரைச் சுத்தி. கார் சூடாகுது எண்டு றேடியேற்றரை மட்டும் கழுவுவினம், சரிவராது. புளொக்கின்ர பக்கத்தில கீழ ஒரு பைப் இருக்கு, அதையும் திறவுங்கோ. ஒண்டும் வராட்டில் அடைஞ்சு கிடக்கு எண்டு அர்த்தம், கம்பியால குத்தி, ஹோஸ் பிடிச்சு எதிர்ப்பக்கத்தால தள்ளிக் கழுவோணும். பிறகு காய்ச்சி வடிச்ச தண்ணியும் கூலன்ற்றும், எல்லாமாய் ஐஞ்சரை லீற்றர் அளவு பிடிக்கும். ஒண்டும் இல்லாட்டில் மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்துங்கோ.

ஓடிக்கொண்டிருக்கேக்க அப்பிடியே மூச்சு நிண்டு போகுது எண்டால் எஸ்யு (SU) எண்ட கரண்ட் பெற்றோல் பம்ப். சாவியைப் போட டிக் டிக் எண்ட சத்தம் கேக்கோணும். கேக்காட்டில் ஸ்பனரால மெல்லத் தட்டுங்கோ, எழும்பிச்செண்டால் உள்ளுக்க பொயின்ற் கருகியிருக்கு, கறுப்பு மூடியைக் கழட்டி எமறியால துடைச்சால் காணும். மத்தியான வெயிலில கடையடியில நிப்பாட்டிப்போட்டு வந்தால் ஸ்ராட் வராது எண்டு சொல்லுறவை, அது காபரேற்றரில பெற்றோல் கொதிக்கிறது. பொனட்டைத் திறந்துவிட்டுப் பத்து நிமிசம் தேத்தண்ணி குடியுங்கோ. அக்சிலேற்றரை மிதிக்க இழுக்காமல் விக்குதெண்டால், காபரேற்றரின்ர மேல் மூடியைக் கழட்டி உள்ளுக்க ஒயில் இருக்கோ எண்டு பாருங்கோ. சனம் மறந்துபோற இடம் அது.

ஈயம் சேர்த்த பெற்றோல் 2002இல நிண்டுபோச்சு. அந்த ஈயம்தான் புகை வால்வு இருக்கிற சீற்றைக் காப்பாத்தினது. இப்ப வால்வு சீற்றுக்க மெல்ல மெல்லப் புதையும், இடைவெளி குறையும், பிறகு வால்வு கருகும். அதால வால்வு இடைவெளி அடிக்கடி பாருங்கோ, எஞ்சின் ஆறியிருக்க 12 தௌ. றேடியேற்றர்ப் பக்கத்தில இருந்து 1 தொடக்கம் 8 எண்டு எண்ணுங்கோ. 8ஆவது முழுக்கத் திறந்து நிக்கேக்க 1ஐச் சரிபாக்கோணும், 7 திறந்தால் 2, ரெண்டும் கூட்ட எப்பவும் 9. புகை வால்வு 1, 4, 5, 8. இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப இறுகுது எண்டால், ஹெட்டைக் கழட்டி உரமான சீற் வளையம் போடுற காலம் வந்திட்டுது. பொயின்ற் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ.

பிறேக் ஒரே குழாய்ப் பாதை. ஒரு சில்லில சிலிண்டர் ஒழுகினாலும் நாலும் போகும், பிறகு கைப்பிறேக்தான். மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின்ர காலுக்குக் கீழ, தரைத்தகட்டுக்க. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறக்க முதல் சுத்தித் துடையுங்கோ, மண் உள்ளுக்கு விழுந்தால் சீல் வெட்டுப்படும். அதைக் கழட்டவேண்டி வந்தால் போல்ற் முறுக்குக் கம்பியில இடிக்கும், கராஜில ஒரு நாள் வேலை எண்டு சொன்னால் பொய் சொல்லுறார் எண்டு நினைக்காதேங்கோ. பிறேக் சூ இறுக்கிற திருகு முன் சில்லில 2, பின் சில்லில 1. சில்லு நிக்குமட்டும் இறுக்கி, ஒரு கிளிக் பின்னுக்கு விடுங்கோ.

கரண்ட் விசயத்தில ஒண்டே ஒண்டு. இந்தக் கார் பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின்ர பிளஸ் முனைதான் உடம்புக்குப் போகுது. புதுசாய் றேடியோ, எல்இடி, போன் சார்ஜர் வாங்கி மாறிக் குடுத்துக் கருக்கின ஆக்கள் கனபேர். டைனமோவும் 22 அம்பியர்தான், ஐட்லிங்கில சார்ஜே ஏறாது.

கியரில, முதலாம் கியருக்குச் சிங்குறோ (ஓட்டத்தில கியரை உரசாமல் சேர்க்கிற சாமான்) இல்லை, கார் முழுக்க நிண்டாப் பிறகு போடுங்கோ. ரெண்டாம் கியரில ஓடிக்கொண்டு காலை எடுக்க, கியர் தானாய் வெளியில பாயுதோ எண்டு மட்டும் பாருங்கோ.

பாக்கப் போறதுக்கு முதல் விக்கிறவரிட்டச் சொல்லிவையுங்கோ, நாங்கள் வாறமட்டும் ஸ்ராட் பண்ணவேண்டாம் எண்டு. ஆறின எஞ்சினின்ர முதல் புகை நீலமாய் வந்தால் போர், றிங் கதை தொடங்கும். காந்தம், ரோச் லைற், அலவாங்கு, ஒயில் கேஜ் கொண்டு போங்கோ. ஜக்குக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி, அவருக்கும் பிறகு கதைக்க ஏதாவது வேணுமெல்லோ. சரி, அடுத்த கேள்வியைப் பாப்பம்.